“வேண்டாம்” என்று ஒரு பெயர்



ஞானஸ்நானம் கொடுக்கக் குழந்தையைத் தூக்கி வரும்போது, கோவில் வாசலில் குருவானவர் பெற்றோரிடம் முதன்முதல் கேட்பது என்ன? தகப்பன் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று கேட்பதில்லை. குழந்தை சிவப்பா கறுப்பா என்று கேட்பதில்லை. இது எத்தனையாவது பெண் என்றும் கேட்பதில்லை. குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்பதே அவருடைய முதற் கேள்வி. நாமும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, போட்டோ எடுப்பவர் வந்துவிட்டாரா என்று திரும்பிப் பார்க்கிறோம். ஆனால் ஒரு பெண்பிள்ளையின் மேன்மையைக் குறித்துத் திருச்சபை போதிக்கிற சத்தியத்தின் வித்து அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பற்றி இவ்வாரம் கொஞ்சம் யோசிப்போம்.

திருத்தணிக்குப் பக்கத்தில் நாராயணபுரம் என்றொரு சிற்றூர் உண்டு. 2018 வரையில் நம் திருவொற்றியூரும் எண்ணூரும் சேர்ந்திருந்த அதே திருவள்ளூர் மாவட்டத்து ஊர்தான். அங்கே அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தால், குழந்தைக்கு “வேண்டாம்” என்று பெயரிடும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. அப்படிப் பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பினார்கள். தமிழ்நாட்டின் வேறு பகுதிகளில் “போதும்பொண்ணு” என்ற பெயர் உண்டு. மகாராஷ்டிரத்துச் சாத்தாரா ஜில்லாவில் “நகுசா” என்று வைப்பார்கள். வேண்டாதவள் என்று அர்த்தம். 2011-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் அந்த ஜில்லா அதிகாரிகள் ஒரு விழா நடத்தி, அப்படிப் பெயர் சுமந்திருந்த 280-க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு நல்ல பெயர் சூட்டினார்கள்.

சற்று நினைத்துப் பாருங்கள். காலையில் வகுப்பில் ஆசிரியை பெயர் கூப்பிடுகிறார்: “வேண்டாம்!” அந்தச் சிறுமி எழுந்து நின்று, “உள்ளேன் அம்மா” என்று சொல்ல வேண்டும். தன்னை வேண்டாம் என்ற சொல்லுக்கே, இதோ இருக்கிறேன் என்று நாள்தோறும் பதில் சொல்லும் பிள்ளையின் மனதில் என்ன ஓடும்?

“நாங்கள் வேதக்காரர்கள், எங்கள் பெண்களுக்கு மேரி, தெரேசா, பிலோமினா என்றுதான் பெயர் வைக்கிறோம்” என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் ரிஜிஸ்டரில் ஒரு பெயரும், வீட்டுப் பேச்சில் வேறொரு பெயருமாக நாம் வைத்திருக்கவில்லையா? மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மௌனம் விழுகிறதே, அது என்ன பெயர்? “இவளைக் கரையேற்ற வேண்டுமே” என்று அவள் காதுபடவே பெருமூச்சு விடுகிறோமே, அது என்ன பெயர்? மீன் குழம்பில் நடுத்துண்டு தம்பிக்கும், வால் துண்டு அக்காவுக்கும் போகிறதே, அதுவும் ஒரு பெயரிடுதல்தான். பிள்ளைகள் மக்குகள் அல்ல. வாய் சொல்லாததையும் அவர்கள் தட்டைப் பார்த்துப் படித்துவிடுவார்கள்.

இது வெறும் மனத்தாங்கல் விஷயமும் அல்ல. பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமையைத் தடுக்கத்தான் 1992-இல் நம் மாநில அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை ஏற்படுத்த வேண்டியிருந்தது. கருவிலேயே ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994-இல் மத்திய சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில், ஆறு வயது வரைக்குமான ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குத் தமிழ்நாட்டில் பெண் குழந்தைகள் 943 பேர். கடலூர், அரியலூர் மாவட்டங்களில் 900-க்கும் கீழே. வேண்டாம் என்ற சொல் முற்றினால் எதில் போய் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

விலை வேறு, மதிப்பு வேறு

நம் வட்டாரம் விலை பேசியே வாழ்கிற வட்டாரம். காசிமேட்டில் பொழுது விடியுமுன் ஏலம் தொடங்கிவிடுகிறது. துறைமுகத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் எடை உண்டு, கட்டணம் உண்டு. ஆலைகளில் மணிக்கணக்குக்குக் கூலி உண்டு. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் விலை என்பது எப்படி உண்டாகிறதென்று நம் மீனவத் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளும் வஞ்சிரம் என்ன விலை விற்கிறது? படகுகள் நிறைந்து வரும் நாளில் என்ன விலை போகிறது? மீன் மாறவில்லை. வாங்குகிறவன் அவசரம்தான் மாறியது. ஆகவே விலை என்பது பொருளுக்குள் இருப்பதல்ல. வாங்குகிறவன் கண்ணில் இருப்பது.

இப்போது நம் பெண்களைப் பாருங்கள். கலியாணச் சந்தையில் நிறத்துக்கு ஒரு விலை, உயரத்துக்கு ஒரு விலை. எத்தனை சவரன், எவ்வளவு ரொக்கம் என்பது இன்னொரு விலை. பிளஸ் டூ மார்க்கு ஒரு விலை. சம்பளம் வாங்கத் தொடங்கினால், “ஆண்பிள்ளை மாதிரி குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறாள்” என்று புகழ்கிறோம். புகழ்ச்சிதான், ஆனால் அதுவும் ஒரு விலைச்சீட்டு. வேலை போனால் அந்தப் புகழும் போகும். போதாததற்கு இப்போது ஒவ்வொரு சிறுமியின் கையிலும் ஒரு செல்போன். படத்தைப் போட்டுவிட்டு எத்தனை பேர் “லைக்” போட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஏலம் காசிமேட்டில் காலையோடு முடிந்துவிடும். இந்த ஏலம் இரவு பன்னிரண்டு மணிக்கும் முடிகிறதில்லை.

வேதம் சொல்வதோ முற்றிலும் வேறு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே, சர்வேசுரன் மனுஷனைத் தமது சாயலாக உண்டாக்கினார், ஆணும் பெண்ணுமாக உண்டாக்கினார் என்று வாசிக்கிறோம். சாயல் முழுவதும் ஆணுக்கு, மிச்சம் மீதி பெண்ணுக்கு என்று அங்கே எழுதப்படவில்லை. நம் ராயபுரத்துக்குப் பெயர் தந்தவராகச் சொல்லப்படும் அர்ச். இராயப்பர் தமது முதல் நிருபத்தில் என்ன எழுதுகிறார்? நாம் மீட்கப்பட்டது அழிந்துபோகிற வெள்ளியினாலும் பொன்னினாலும் அல்ல, கிறிஸ்துநாதருடைய விலைமதியாத இரத்தத்தினால் என்கிறார். சவரன் கணக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு தூக்கமில்லாமல் புரளும் தாய் தகப்பன்மாரே, இதை ஊன்றி வாசியுங்கள். உங்கள் மகளுக்குரிய கிரயம் கல்வாரியில் ஏற்கெனவே செலுத்தியாகிவிட்டது. அவளை ஒருவன் ஏற்றுக்கொள்வதற்கு அதன்மேல் இன்னும் ரொக்கம் கேட்பானேயானால், அவன் கேட்பது பெண்ணையல்ல.

சேசுநாதர் பெண்களை அழைத்த விதம்

அர்ச். மாற்கு சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாயீர் என்ற ஜெபக்கூடத் தலைவனுடைய மகள் சாகக் கிடக்கிறாள். வயது பன்னிரண்டு. நம் கணக்கில் ஆறாம் ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. சேசுநாதர் அவள் வீட்டுக்குப் போகும் வழியில், பன்னிரண்டு வருஷமாக இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு ஸ்திரீ கூட்டத்தில் அவர் உடையைத் தொடுகிறாள். ஊர் அவளுக்கு வைத்திருந்த பெயர் தீட்டுள்ளவள் என்பது. அவரோ எல்லாரும் கேட்க அவளை மகள் என்று அழைத்தார். பிறகு சிறுமியின் வீட்டுக்குப் போய், இறந்து கிடந்தவளின் கையைப் பிடித்து எழுப்பினார். உடனே அவர் சொன்னது என்ன தெரியுமா? அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொன்னார். வீட்டார் ஆச்சரியத்தில் மலைத்து நிற்கையில், அந்தப் பெண்ணின் பசியை நினைத்தவர் உலக இரட்சகர் ஒருவரே. நம் வீட்டில் எல்லாரும் உண்டு முடிந்தபின் அடிச்சட்டியைச் சுரண்டும் மகள் இருந்தால், இந்த அதிகாரத்தை அந்தச் சட்டியின் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

இன்னொன்று, அர்ச். லூக்காஸ் எழுதியது. பதினெட்டு வருஷமாகக் கூனிப்போய் நிமிர முடியாதிருந்த ஒரு ஸ்திரீயை ஓய்வுநாளில் அவர் குணமாக்கினார். ஜெபக்கூடத் தலைவன் கோபித்தான். அதற்குச் சேசுநாதர், ஓய்வுநாளிலும் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் மகளாகிய இவளை அவிழ்க்கக் கூடாதோ என்று கேட்டார். ஆபிரகாமின் மகள்! முதுகு வளைந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அவர் முதலில் நினைவூட்டியது அவள் யாருடைய மகள் என்பதை. உயிர்த்த ஞாயிறு காலையிலும் மதலேன் மரியம்மாள் ஆண்டவரை அடையாளம் கண்டது அவர் தன் பெயரைச் சொல்லி அழைத்தபோதுதான்.

சந்தையில் விற்கப்பட்ட ஒரு சிறுமி

இது பழைய காலத்துக் கதை என்று தள்ளாதபடிக்கு, நம் பாட்டன்மார் காலத்தில் வாழ்ந்த ஒரு அர்ச்சியசிஷ்டவளைப் பற்றிச் சொல்கிறோம். ஆப்பிரிக்காவில் சூடான் தேசத்தில் ஏறக்குறைய 1869-இல் ஒரு பெண் பிறந்தாள். சிறுமியாயிருக்கையில் அடிமை வியாபாரிகள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பயத்தினால் அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயரே மறந்துபோயிற்று. வியாபாரிகள்தாம் அவளுக்குப் “பக்கீத்தா” என்று பெயர் வைத்தார்கள். அரபு மொழியில் அதிர்ஷ்டசாலி என்று அர்த்தமாம். எப்பேர்ப்பட்ட பரிகாசம்! சந்தையில் பல முறை விற்றார்கள், வாங்கினார்கள். உடலெங்கும் கத்தியால் கீறி உப்பைத் தேய்த்தார்கள். 1883-இல் ஓர் இத்தாலிய அதிகாரி வாங்கினார். அவர் மூலமாய் 1885-இல் இத்தாலி போய்ச் சேர்ந்தாள். 1889 நவம்பரில் வெனிஸ் நகரத்தில், அவள் யாருக்கும் அடிமையல்ல என்று தீர்ப்பாயிற்று. 1890 ஜனவரி 9-ஆம் தேதி ஞானஸ்நானம் பெற்றாள். பிற்பாடு கனோசா சபைக் கன்னியாஸ்திரீயாகி, 1947-இல் மரித்தாள். 2000-ஆம் வருஷம் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

ஞானஸ்நானத் தொட்டியைக் காணும்போதெல்லாம் அவள் அதை முத்தமிட்டு, தான் சர்வேசுரனுடைய மகளானது அங்கேதான் என்று சொல்வாளாம். எத்தனையோ தடவை விலை போனவள் அவள். தன் மதிப்பு அந்த விலைகளில் எதிலும் இல்லை, தண்ணீரும் ஒரு பெயரும் பெற்ற அந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்டாள். அதே தொட்டி நம் கோவிலிலும் இருக்கிறது. நம் மகளும் அதில்தான் ஞானஸ்நானம் பெற்றாள்.

இரண்டு ஆட்சேபனைகள்

முதலாவது: “தாழ்ச்சியல்லவா புண்ணியம்? பெண்ணிடம் நீ மேன்மையானவள் என்று சொன்னால் அவளுக்குக் கர்வம் ஏறாதா?” தாழ்ச்சி வேறு, தன்னையே இகழ்வது வேறு. தேவமாதாவைப் பாருங்கள். தம்மை ஆண்டவருடைய அடிமை என்றார்கள். அதே வாயால், இனி எல்லாத் தலைமுறையும் தம்மைப் பேறுடையவள் என்று கொண்டாடும் என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. தன்னிடமுள்ள நன்மையை இல்லையென்பது தாழ்ச்சியல்ல. அது தந்தவரிடமிருந்து வந்தது என்று அறிவதே தாழ்ச்சி. மெய்யாகவே கர்வம் யாருக்கு வரும்? தன் மதிப்பு நிறத்திலும் மார்க்கிலும் இருப்பதாக நினைப்பவளுக்கு வரும். மறுநாள் அவளைவிடச் சிவப்பானவள் எதிரில் வந்தால் அதுவே பொறாமையாகும். மதிப்பு இனாமாக வந்ததென்று அறிந்தவளுக்குக் கர்வப்படவும் இடமில்லை, கூனிக்குறுகவும் காரணமில்லை.

இரண்டாவது: “மதிப்பு பிறப்பிலேயே உண்டென்றால், படிப்பு எதற்கு, உழைப்பு எதற்கு?” கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். விலையுயர்ந்த விளக்கை யாராவது மூலையில் கவிழ்த்து வைப்பார்களா? பெண்ணுக்கு மதிப்பு வரவேண்டுமென்று படிக்க வைப்பதல்ல. மதிப்புள்ளவள் ஆகையால் படிக்க வைக்கிறோம். நம் மூதாதையர் காலத்துத் திருச்சபை இதைச் செய்து காட்டியது. 1842-இல் அயர்லாந்திலிருந்து காணிக்கை மாதா சபைக் கன்னியாஸ்திரீகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, நமக்குத் தெற்கே இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் கறுப்பர் பட்டணத்தில் பெண்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்கள். 1844-இல் புதுச்சேரியில் டுப்புயி சுவாமியார், தமிழ்ப் பெண்களுக்கு எழுத்தறிவிக்க என்றே தமிழ்க் கன்னியாஸ்திரீகள் சபை ஒன்றை ஏற்படுத்தினார். குடும்பப் பெண்ணுக்குப் படிப்பு அடுக்காது என்று ஊர் பேசிய காலம் அது. ஊர் சொல்லைப் பார்க்கவில்லை அவர்கள். ஞானஸ்நானத் தொட்டியைப் பார்த்தார்கள்.

பிற்காலத்தில் திருச்சபை இதையே உலகறியப் பிரசித்தப்படுத்திற்று. 1963-இல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் சமாதானத்தைக் குறித்து எழுதிய நிருபத்தில், பெண்கள் தங்கள் மேன்மையை உணர்ந்து வருவதைக் காலத்தின் நல்ல அடையாளங்களில் ஒன்றாகக் குறித்தார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண் பெண் என்ற காரணத்தால் ஒருவருடைய உரிமையைக் குறைப்பது தேவசித்தத்துக்கு விரோதம் என்று போதித்தது.

தாய் தகப்பன்மாருக்கு

அப்படியானால் வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: நாவைக் காத்துக்கொள்ளுங்கள். பாரம், செலவு, கரையேற்றம் என்ற சொற்கள் நம் வீட்டில் ஒரு பெண்ணைக் குறித்து வேண்டாம். “கறுப்பி” என்று செல்லமாகக் கூப்பிடுவதாக நினைக்கிறோம்; அந்தச் செல்லம் அவளுக்கு முப்பது வயதானாலும் உறுத்தும்.

இரண்டு: சோறும் வேலையும் சமமாகட்டும். அக்கா பாத்திரம் தேய்த்தால் தம்பி வீடு பெருக்கட்டும். அக்காளை மதிக்கக் கற்றவனே நாளை மனைவியை மதிப்பான்.

மூன்று: சொத்தில் அவளுக்கு உள்ளதைக் கொடுங்கள். எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தில் செலொபுகாது என்பவனுடைய ஐந்து குமாரத்திகள் மோயீசன் முன்பாக வந்து, ஆண்பிள்ளை இல்லையென்று எங்கள் தகப்பன் பெயர் அற்றுப்போகலாமா, எங்களுக்குக் காணி வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று ஆண்டவரே தீர்ப்புச் சொன்னார். அந்த ஐந்து பேருடைய பெயரையும் வேதாகமம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறது. நம் காலத்தில், திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்குள் மகனுக்குள்ளதில் நாலில் ஒரு பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றிருந்த 1916-ஆம் வருஷத்துச் சட்டத்தை எதிர்த்து மேரி ராய் என்ற அம்மாள் வழக்காடினார். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நமக்கோ 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவுப் பங்கு. “அவளுக்குத்தான் கலியாணத்தில் போட்டாயிற்றே” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவது நீதியல்ல. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் குற்றம் என்பதையும், அதைப் பேசி முடித்துவிட்டுப் பீடத்தின் முன் வந்து நிற்பது எவ்வளவு பொருந்தாத காரியம் என்பதையும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மகளே, உனக்கும் ஒரு வார்த்தை

இதுவரை பெரியவர்களிடம் பேசினோம். இனி உன்னிடம்.

உன்னை வீட்டில் யாரும் பாராட்டாதபோது, முதன்முதலில் இனிக்கப் பேசுகிறவன் சொல் அமிர்தமாய்த் தோன்றும். தாகத்தில் இருப்பவள் எந்தத் தண்ணீரையும் குடித்துவிடுவாள். ஆகையால் உன் மதிப்பை இன்னொருவன் வாயிலிருந்து கடன் வாங்காதே. மெய்யாக உன்னை நேசிப்பவன் நீ ஏற்கெனவே மதிப்புள்ளவள் என்று அறிந்து வருவான். மதிப்பைத் தருகிறேன் என்று சொல்லி வருபவன் நாளைக்கு அதைத் திருப்பிக் கேட்பான்.

பரீட்சையில் தவறினால் தவறியது பரீட்சை, நீ அல்ல. உன் நிறத்தைத் தந்தவர் தவறு செய்கிறவர் அல்லர். உன்னதப் பாட்டில் வரும் மணமகள் தன் கருநிறத்தைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை. அதே மூச்சில் தன் அழகையும் சொல்லுகிறாள். உனக்கு எவனாவது தீங்கு செய்திருந்தால், அந்த அக்கிரமம் அவனைச் சேரும்; உன் மதிப்பில் ஒரு மாற்றும் குறையாது. அதை உள்ளே புதைத்துக்கொண்டு தனியே அழாதே. நம்பத்தக்க ஒரு பெரியவரிடம் சொல். சொல்ல ஆள் இல்லையென்றால் 1098 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

பங்கு மக்களே, இந்த வாரத்துக்கு ஒரே ஒரு பிரதிக்கினை செய்வோம். இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும், மகளை அவளுடைய ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி முழுமையாகக் கூப்பிடுங்கள். நெற்றியில் சிலுவை வரையுங்கள். நீ எங்களுக்கு வேண்டும் என்று வாய் திறந்து சொல்லுங்கள். தமிழ்த் தகப்பன்மாருக்கு இது கூச்சமான காரியம் என்பது தெரியும். ஆனாலும் சொல்லுங்கள். இதைக் கேட்டுப் படுத்த பிள்ளை, நாளை ஊர் அவளுக்கு வேறெந்தப் பெயர் வைத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள்.